பால் மங்கு வரலாறு ஆகும் கணம்: பேராக்கில் ஒரு கள ஆய்வு

ஆய்வு நோக்கம்: ஒரு பொருள் 'பழைய சாமான்' என்ற நிலையிலிருந்து 'வரலாறு' என்ற பதவிக்கு எப்போது உயர்கிறது என்று கண்டறிதல்.

கருவிகள்: ஈப்போவில் கிளம்பிய கார் ஒன்று, பள்ளி விடுமுறைப் பிள்ளைகள் இருவர், நாசி லெமாக் பொட்டலம் ஆறு, நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய அப்பாயி ஒருவர். பொட்டலங்கள் முதல் களத்துக்கு முன்பே தீர்ந்ததால் அவை பற்றிய தரவு இல்லை.

களம் 1: தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம், 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. அப்பாயி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். தரவு: முழங்கால் வலி.

களம் 2: கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரம். வேலி போட்டுக் காக்கிறார்கள். அப்பாயி அடிமரத்தை அளந்து பார்த்துச் சொன்னது: "இதுல ஒருத்தி கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள வெயில் வந்துரும்."

களம் 3: பத்து காஜா அருகே கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கியது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் அரைகுறையாக நின்றது. பிள்ளைகள் பேய் தேடினார்கள். அப்பாயி பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர், ஸ்மித்தான் என்கிறார்கள். "துரையே பெரட்டுல நிக்கிறாரே!" என்றார், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் வரிசையை நினைத்து.

களம் 4: ஒரு சிற்றூர்க் காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பால்மரம் வெட்டும் உளியும் பால் பிடிக்கும் மங்கும். 'தொடாதீர்' என்று பலகை. அப்பாயி குனிந்து பார்த்தார்: "கட்டிப்பால உரிக்காமலே வச்சிருக்கானுங்க. மண்டோர் பாத்தா ஏசுவாரு."

கண்டறிந்த விதி: வயது, அழகு, பயன் எதற்கும் இதில் பங்கில்லை. பொருளுக்கும் அதைக் கழுவி வைத்த கைக்கும் நடுவே கண்ணாடி வந்துவிட்டால், அது வரலாறு.

சோதனை: எங்கள் வீட்டுக் குழாயடியிலும் அதே மாதிரி மங்கு ஒன்று உண்டு, சவக்காரம் வைப்பதற்கு. அன்றிரவே அதைத் தேய்த்துக் கழுவி ஷோகேசில் ஏற்றினோம். மகள் 'தொடாதீர்' என்று எழுதி ஒட்டினாள்.

முடிவு: காலையில் மங்கு குழாயடியில் இருந்தது, சவக்காரத்தோடு. விளக்கம் கேட்ட ஆய்வுக் குழுவிடம் அப்பாயி, "பின்ன சவக்காரத்த எங்கடா வைக்கிறது?" என்றார்.

விதி திருத்தத்தில் உள்ளது.