கண்டி விசாவியல்: களிமண் முத்திரையிலிருந்து பேங்க் ஸ்டேட்மென்ட் வரை

பாஸ்போர்ட் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று உலக நாடுகள் கூடிப் பேசியது 1920 ஒக்டோபரில், பாரிஸில் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் கண்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை போலும். பாரிஸ்காரர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முன்பே இங்கே விசா நடைமுறையில் இருந்தது. அதுவும் களிமண்ணில்.

சான்று ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலைப் பழுதுபார்க்க ஒதுங்கிப் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கன் ஆட்சியில் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கிடந்த ஆங்கிலேயர். 1681இல் வெளியான அவருடைய நூலில், இராச்சியத்துக்குள் நுழையும் வழிகளில் முள்கதவும் காவலும் இருந்ததையும், கடந்துபோகிறவரிடம் களிமண்ணில் பதித்த அனுமதி முத்திரை இருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார். படைவீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதன். கூலியாளுக்குக் காவடித் தண்டில் இருபுறமும் மூட்டை தொங்கவிட்ட மனிதன். வெள்ளைக்காரனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும் வைத்த மனிதன். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை உருவம் மண்ணில் பதிய வேண்டும்.

இந்த முத்திரையின் மேன்மையை ஆய்வுலகம் இன்னும் உணரவில்லை. முகம் கேட்கவில்லை. காது தெரிய வேண்டும், கண்ணாடியைக் கழற்று, பின்னணி வெள்ளையாக இருக்கட்டும் என்ற தொந்தரவு எதுவும் இல்லை. இன்றைக்குக் கண்டி நகரில் ஒரு ஸ்டூடியோவுக்குள் போய் விசாவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றால் முதல் கேள்வியே “எந்த நாட்டுக்கு?” என்பதுதான். இந்தியாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கு 35க்கு 45 மில்லிமீற்றர். அமெரிக்கா 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடியை ஏற்பதில்லை. ஒரே மூஞ்சி நாட்டுக்கு நாடு குறுகியும் அகன்றும் போவதைப் பற்றித் தனி நூல் எழுதலாம்.

நொக்ஸுக்கோ உள்ளே வருவதில் சிக்கலில்லை, வெளியே போகத்தான் வழியில்லை. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், பிறகு சில்லறைச் சாமான் தூக்கிக்கொண்டு வியாபாரி வேடத்தில் வடக்கே போய்ப் போய் வழி பார்த்துவைத்து, 1679இல் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். பிஸ்னஸ் விசாவில் போய்த் திரும்பாதவர் வரிசையில் இவரையே முதலில் வைக்க வேண்டும்.

இங்கிருந்துதான் எமது கோட்பாடு தொடங்குகிறது. விசா ஆளைப் பற்றி எதுவும் அறிய விரும்புவதில்லை. போகிறவன் திரும்புவானா என்ற ஒரே சந்தேகத்தைத்தான் அது ஆயிரம் கேள்வியாகக் கேட்கிறது. அந்தச் சந்தேகத்தை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு திசையிலிருந்து அனுபவித்த ஊர் கண்டி.

வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்தபோது சந்தேகம் தலைகீழானது. வந்தவன் திரும்பிப் போய்விடக் கூடாதே என்ற கவலை. மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அடித்த தகர டிக்கட்டைக் கொடுத்துக் கப்பலேற்றினார்கள். களிமண் தகரமானது, உருவம் எண்ணானது. பேங்க் ஸ்டேட்மென்ட் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் கடன் இருந்தது. கங்காணி தந்த முன்பணமும் 1921 வரை சட்டப்படி உயிரோடிருந்த, கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடும் துண்டு முறையும் சேர்ந்து, ஆள் ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டன. கையில் காசிருப்பவன் திரும்பி வருவான் என்று இன்றைய தூதரகங்கள் நம்புகின்றன. கடனிருப்பவன் திரும்பிப் போகமாட்டான் என்று அன்றைய துரைமார் நம்பினார்கள். இரண்டாவது நம்பிக்கைக்கு ஆதாரம் அதிகம்.

பிறகு தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கேட்காமலே பாஸ்போர்ட் கையில் வந்து விழுந்த காலம் அது. தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமானுஜம் கப்பல். விசாவியலில் இதற்கு இணையான நிகழ்வு வேறில்லை: போகிறவன் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதே நிபந்தனை.

இன்றைய நிலைக்கு வருவோம். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அது முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிப்பது வந்தவர் பாடு. ஷெங்கன்காரர்கள் 30,000 யூரோவுக்குக் காப்புறுதி கேட்கிறார்கள். அதில், செத்துப்போனால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவும் அடக்கம். பிணமும் திரும்பியாக வேண்டும் என்று கண்டி ராசாவே கேட்டதில்லை.

இந்தச் சந்தேகத்தைப் போக்கக் கண்டியில் வளர்ந்த கலைகளில் முதன்மையானது கணக்கில் காசு காட்டுவது. மச்சானிடம் கொஞ்சம், சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் கொஞ்சம் என்று வாங்கிப் போடலாம். ஆனால் நேற்றுப் போட்ட காசை விசா அதிகாரி மோப்பம் பிடித்துவிடுவார். ஆகவே காசைச் சில மாதம் ஊறப்போட வேண்டும். விசா கிடைத்ததும் அதே காசு அடுத்த வீட்டுத் தம்பியின் கணக்குக்குப் போய் அங்கே ஊறும். காசுக்கு மட்டும் விசா தேவைப்படுவதில்லை. அது திரும்பி வருமா என்று யாரும் கேட்பதுமில்லை, கொடுத்த மச்சானைத் தவிர.

அடுத்தது பெயர். தோட்டத்தில் பிறந்தவரின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒருவர் எழுதினார், அடையாள அட்டையில் இன்னொருவர் எழுதினார். முத்துலெட்சுமி ஒன்றில், முத்துலச்சுமி மற்றதில். இவர்கள் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். ஆதிசங்கரர் பாஷ்யம் பாஷ்யமாக எழுதி நிறுவியதை ஒரு ஜே.பி. ஒரே முத்திரையில் நிறுவிவிடுகிறார்.

களஆய்வுக்காக ஒரு கொமியூனிகேஷன் கடையில் அமர்ந்திருந்தோம். வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பெரியவருக்கு இந்திய விசாப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

“அங்க அடையாளம் கேக்குது தாத்தா. மச்சம் எங்க இருக்கு?”

“மச்சமா? எனக்கு மச்சமே கெடையாதே புள்ள.”

“எதையாச்சும் போடணும் தாத்தா. கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் போகாது.”

பெரியவர் யோசித்து, சட்டைக் கையை மடித்து இடக்கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்துப்போன நீளத் தழும்பு. “கவ்வாத்துக் கத்தி பட்டது. போடலாமா?”

அவள் தட்டினாள். கணினி ஏற்றுக்கொண்டது. காவடித் தண்டு தாங்கிய களிமண் மனிதனுக்குப் பிறகு, தொழிலால் ஆளை அடையாளம் கண்ட விசா எமது பார்வைக்கு எட்டியவரை இது ஒன்றுதான்.

அடுத்த பக்கம், பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானியரா என்று கேட்டது. “இல்லை” என்று குறித்தாள். இந்தியரா என்று கேட்கவில்லை. பெரியவரின் தாத்தா முசிறிப் பக்கம்; ஊர்ப் பெயர் தெரியும், அங்கே ஆள் யாரும் தெரியாது. ஆனால் இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் விலாசம் இல்லாமல் படிவம் நகராது. கடைசியில் கூடலூரில் இருக்கும் தம்பியின் விலாசம் கைகொடுத்தது. ஒப்பந்தத்தில் போனவர். தேயிலையிலிருந்து போய் நீலகிரித் தேயிலையிலேயே சேர்ந்தவர். அங்கே அவரைச் சிலோன்காரர் என்பார்களாம். அண்ணனை இங்கே இந்தியாக்காரன் என்றவர்கள் உண்டு.

தம்பி கண்டியைப் பார்க்க வர நினைத்தால் இ.டி.ஏ. என்னும் இலங்கையின் இணையப் பயண அனுமதி எடுக்க வேண்டும். பிறந்த நாடு என்ற கட்டத்தில் இலங்கை என்றே போட வேண்டும், போட்ட கையோடு முப்பது நாளில் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணனும் தம்பியும் எதிரெதிர்த் திசையில் இரண்டு படிவம் நிரப்புகிறார்கள். இரண்டிலும் திரும்பிப் போக வேண்டிய ஊர் எது என்பது பற்றி அரசுகளுக்கு ஐயமே இல்லை. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இதை விரிவாக ஆராய நிதியுதவி கேட்டு ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதியிருந்தோம். பதில் வந்திருக்கிறது. ஆய்வு அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். நேரில் வந்து பேசச் சொல்கிறார்கள். விசாவுக்கு ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டுமாம். மச்சானிடம் பேசியிருக்கிறோம்.