கலர் விலகிய மாதா

1980களில், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அப்பாவின் அச்சகத்துக்குப் போய்விடுவேன். டிசம்பரில் சிவகாசியே காலண்டர் வேலையில் தூங்காது. ஒரு அடுக்கில் முருகன், பக்கத்தில் இயேசு, அதற்கடுத்து மெக்கா. ஈரம் காயாத தாள்களுக்கு நடுவே நடந்தால் ஃபோர்மேன் மாமா சத்தம் போடுவார்: "பாத்துப் போ தம்பி, மிதிச்சிராத!" எந்தச் சாமியை என்று சொல்லமாட்டார்.

ஒருநாள் மாதா படம் கலர் விலகி வந்தது. சிவப்பு உதட்டை விட்டு நகர்ந்து கன்னத்தில் நின்றது. வேஸ்ட் தாள் பட்டாசுக் குழாய் சுற்றப் போகிற ஊர் இது. அந்தத் தாள்களை மட்டும் மாமா தனியாக எடுத்து வைத்தார். முருகன் கெட்டாலும் அப்படித்தான். "சாமிய வெடிக்கக் குடுக்கக் கூடாது" என்பார். அவர் சாட்சியாபுரத்துக்காரர், சி.எஸ்.ஐ. சபை. அவர் வீட்டுச் சுவரில் மாதா படம் கிடையாது.

டிசம்பர் 24 ராத்திரி ஷிஃப்டை அப்பாவே பார்த்துக்கொண்டு மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தீபாவளிப் பட்டாசில் ஒரு பெட்டியை அம்மா பரணில் எடுத்து வைத்திருப்பாள். அதிகாலை ஆராதனை முடிந்து மாமா வந்ததும் அவர் வீட்டு வாசலில் அதைக் கொளுத்துவோம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸ் வெடிக்கு இரவு 11.55 முதல் 12.30 வரை நேரம் குறித்தது. எங்கள் பெட்டி அதற்குள் அடங்காது.

இப்போது அச்சகம் என் பொறுப்பு. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள், "சாமி படம் வேண்டாம் சார், எல்லாருக்கும் பொதுவா ஒரு அருவி போட்டுருங்க" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். விருதுநகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நட்சத்திரமும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் இருந்தன, குடில் இல்லை. பிறந்தநாள் அந்தத் தாத்தாவுக்குத்தான் என்று என் பேரன் நினைத்துக்கொண்டான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அடுத்தவர் சாமியை மிதிக்காமல் தாண்டிப் போவதைத்தான் நான் பொது என்று படித்தேன். சுவரில் யாருமே இல்லையென்றால் பிள்ளைகள் எங்கே போய்ப் பழகும்?

ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போடுவது எங்கள் தொழில் வழக்கம். இந்த வருஷமும் முருகன், இயேசு, மெக்கா, மாதா எல்லாம் அருவிக்கு முன்னாலேயே இருக்கிறார்கள். மாமா காலமாகிவிட்டார். அவர் மகன்தான் இப்போது ஃபோர்மேன். மாதாவின் உதட்டில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"சரியா உக்காந்திருக்குண்ணே."