உண்டையியல்: ஓர் உருட்டாய்வு

கோளம், பந்து, குண்டு என்று உருண்டதற்குத் தமிழில் பெயர்கள் பல. அவற்றுள் 'உண்டை' என்ற சொல்லுக்கு அகராதிகள் 'உருண்டை வடிவானது' என்று முதற்பொருள் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வடிவம் இங்கே இரண்டாம்பட்சம். உண்டை என்பது உண்ணப்படுவது. உருண்டிருப்பது விழுங்குகிறவர் வசதிக்காக. இதுவே இக்கட்டுரை நிறுவ முனையும் கொள்கை. முதற்சான்று இலக்கணத்திலேயே கிடக்கிறது. முன்னிலை ஒருமைக்கு ஐ விகுதி உண்டு; அதன்படி 'உண்டை' என்றாலே 'நீ உண்டாய்' என்றும் கொள்ளலாம். பெயரும் வினையும் ஒரே உருவில் நிற்பது தற்செயல் என்பார் வேர்ச்சொல் ஆய்வாளர். மடைப்பள்ளி வாசலில் சூடு ஆறாத சோற்றை உள்ளங்கையில் அழுத்தி, நெய் விரலிடுக்கில் வழிய, உண்டைக்கட்டியாகப் பிடித்துத் தருவதை அவர் பார்த்ததில்லை போலும்.

உண்டைவில்லில் வைத்து எறியும் மண்ணுண்டையை யார் தின்றார்கள் என்று கேட்கலாம். நல்ல கேள்வி; விடை கம்பனிடம் இருக்கிறது. சிறுவன் இராமன் விட்ட உண்டையைக் கூனி உண்டாள். தமிழில் அடியும் உண்ணப்படுவதே. அடியுண்டான், வெட்டுண்டான், மொத்துண்டான் என்று நாம் உண்ணாத துன்பமே இல்லை. மந்தரை அதை நினைத்துப் பார்க்கும் இடத்தில் கம்பன் 'உண்டை'யையும் 'உண்டதனை' என்ற சொல்லையும் அக்கம்பக்கத்தில் உட்கார வைத்தது எதுகை மோனைக்காக மட்டும் என்று நம்ப நம்மால் இயலவில்லை. அந்த ஓர் உண்டை செரிக்காமல் கிடந்து, பின்னாளில் 14 ஆண்டு வனவாசமாக வெளிப்பட்டது. படைவகுப்புக்கும் உண்டை என்ற பெயர் உண்டே, அதை எவர் உண்பார் என்று அடுத்து மடக்குவார்கள். கலிங்கத்துப்பரணியைப் புரட்டுக. களத்தில் விழுந்த படையைப் பேய்கள் கூழாகக் காய்ச்சிப் பந்தி வைத்துப் பரிமாறியதைச் சயங்கொண்டார் விரிவாகவே பாடியிருக்கிறார்.

உண்மையான இடையூறு மாணிக்கவாசகரிடமிருந்து வருகிறது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி, பேரண்டத்துக் கோளங்களைக் குறிக்கத் தொடக்க அடியிலேயே உண்டை என்ற சொல்லை எடுக்கிறது. வானியலும் சைவமும் ஒருசேரப் பெருமை கொள்ளும் அடி அது. சூரியனையும் பூமியையும் வாயில் போட்டுக்கொள்வது யார்? திருமால். பிரளயத்தில் ஏழுலகையும் விழுங்கிவிட்டு ஆலிலையில் படுத்த கதையை ஆழ்வார்கள் பாடிச் சலித்ததில்லை. சைவ நூலுக்கு வைணவச் சான்றா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் மனம் நோகாமல் உள்வீட்டுச் சான்றும் ஒன்று உண்டு. பாற்கடலில் பொங்கிப் பரவிய ஆலகாலத்தைச் சிவபெருமான் அப்படியே அள்ளிக் குடிக்கவில்லை. ஆலாலசுந்தரர் அதை நாவற்பழ அளவுக்குத் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்த பிறகே உண்டார் என்பது மரபு. நஞ்சே ஆனாலும் உருட்டித்தான் உண்ண வேண்டும் என்ற ஒழுங்கு கயிலாயத்திலும் நடைமுறையில் இருந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது பொருள்விளங்கா உருண்டை. (உண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே நிற்கும் 'ரு' தானாக உருண்டு வந்து சேர்ந்ததாகக் கொள்க.) வறுத்த அரிசியும் பயறும் அரைத்த மாவில், சுக்கும் ஏலமும் தேங்காய்ப்பல்லும் கலந்து, கொதிக்கும் வெல்லப்பாகை ஊற்றிச் சூடு பொறுக்காமல் கையை உதறி உதறிப் பிடிப்பது. ஆறினால் கல். விளாங்காய்போல் கெட்டியாக இருப்பதால் பொரிவிளங்காய் என்பதே இப்படித் திரிந்தது என்பாரும் உளர், கடித்தவர்கள் மறுக்கவில்லை. உண்ணவே முடியாத ஓர் உண்டை இருக்கிறதே, இனி உம் கொள்கை என்னாவது என்று எதிர்த்தரப்பு இங்கே கைதட்டும். அவசரம் வேண்டாம். முதற்கடியில் அடியுண்பது பல். அதற்குப் பிறகு வீட்டில் யாராவது துணியில் சுற்றி, அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு போடு போடுவார்கள். அப்போது உண்டையும் உண்ணும்.