தலைக்குக் காற்று: ஒரு சிற்றாராய்ச்சி

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கோ திருவில்லிபுத்தூருக்கோ பைக்கில் கிளம்புகிறவர்கள் ஹெல்மெட்டை வைக்கும் இடங்கள் மூன்று: பெட்ரோல் டேங்க், முழங்கை, வீட்டுப் பரண். போலீஸ் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தலைக்கு ஏறுவதும், தாண்டியதும் இறங்குவதும் கணக்கில் வாரா. காரணம் கேட்டால் பதில் ஒன்றுதான்: “அதப் போட்டா மண்டைக்குக் காத்தே வரமாட்டேங்குது.”

நியாயமான கோரிக்கை. சித்திரை வெயிலில் அந்தச் சாலையில் போனவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். மண்டைக்குக் காற்று போகும் வழியை மருத்துவம் நூறாண்டுக்கு மேலாக அறிந்திருந்தும், உரியவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. அக்குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

மண்டையோட்டுக்குள் காற்றுக்கு இடமில்லை. ஆனால் பக்கத்திலேயே காற்று தயாராக இருக்கிறது: நெற்றி எலும்புக்குள், கண்களுக்கு நடுவில், காதுக்குப் பின்னால். மூக்கின் கூரையாக உள்ள சல்லடை எலும்போ மிக மெல்லியது. வண்டியிலிருந்து குப்புற விழுந்தால் எலும்பு விரிசல் விட்டு, மூளையைப் போர்த்திய உறையும் கிழியக்கூடும். மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாக ஒழுகும். அது காலி செய்த இடத்துக்குக் காற்று குடிவரும். பொறுமையில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒழுகுவதைச் சளி என்று நினைத்து மூக்கைப் பலமாகச் சிந்தினால் போதும். கிழிந்த உறை சைக்கிள் டியூப் வால்வைப் போல, உள்ளே போனதை வெளியே விடாது.

1913-இல் நியூயார்க்கில் லக்கெட் என்ற மருத்துவர், மண்டை உடைந்த ஒருவரின் எக்ஸ்ரேயில் மூளையின் அறைகளுக்குள் காற்று இருப்பதைக் கண்டார். 1918-இல் பால்டிமோரின் வால்டர் டேண்டி, நோயாளிகளின் மண்டைக்குள் தாமே காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். சாதாரண எக்ஸ்ரேயில் மூளையின் உருவம் பிடிபடாது, காற்று பிடிபடும். காற்றின் ஓரத்தைப் பார்த்து மூளையின் வடிவத்தை ஊகித்தார்கள். இப்படிக் காற்று வாங்கியவர்களுக்குக் கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்தன. 1970-களில் சி.டி. ஸ்கேன் வந்த பிறகே இந்தச் சோதனை மெல்ல ஒழிந்தது.

ஸ்கேனில் காற்று கன்னங்கரேலென்று தெரியும். அளவு மிஞ்சி மூளையை அழுத்தினால், முன்மூளையின் இரு பாதிகளும் விலகி இரண்டு முகடாக நிற்கும். 1988-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு ஃபியூஜி மலையின் பெயரை வைத்தார்கள். வாசலில் மேற்குத் தொடர்ச்சி மலையே இருக்கும்போது ஜப்பான் மலையையும் பார்த்தாக வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். அதே 1988-இல்தான் நம் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றி, 129-ஆம் பிரிவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் போடாதவருக்கு இப்போது அபராதம் 1,000 ரூபாய். காற்றின் விலையாக இதைக் கொண்டால் அதிகமில்லை.

பெற்ற காற்றை இழக்கவும் முறை உண்டு. படுக்கையில் கிடக்க வேண்டும். தும்மக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, கழிப்பறையில் முக்கவும் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன் என்பதால், அதை ரத்தம் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ள ஆக்சிஜன் கொடுப்பார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அழுத்தம் ஏறியவருக்கு மண்டையில் துளை போட்டுத்தான் காற்றை இறக்க வேண்டும். கட்டுப்போடத் துணிக்குப் பஞ்சமில்லை; ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வதே தொழில்.

தலையில் அடிபட்டவருக்கு மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகினால் அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்த விடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அரசே பணம் கட்டுகிறது. ஹெல்மெட்டை நீங்கள்தான் வாங்க வேண்டும்.