ஆசீர்வாதத்துக்குக் குறைவில்லை

திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 2022 ஜூன் 13-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் 2025-க்குள் எழுதப் படிக்கக் கற்றுவிடுவார்கள் என்றார்கள். 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, காலை உணவுத் திட்டத்தைக் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டித்தபோது, அந்தப் பந்தலும் இங்கேயே போடப்பட்டது. கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில். சென்னையிலிருந்து கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்பது காரணமாக இருக்காது. மண்ணின் மகிமைதான்.

காலை உணவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அப்பா செங்கல் சூளைக்கும் அம்மா சிப்காட் ஷிப்டுக்கும் விடியுமுன்பே போய்விட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த உப்புமாவின் அருமை தெரியும். தட்டைக் கழுவி வைத்த பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

விடை, காலை உணவை நீட்டித்த அன்று அரசு சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. 3,995 பள்ளிகள், 2,23,536 பிள்ளைகள். (எல்லாமே திருச்சபை நடத்தும் கோயில் பள்ளிக்கூடம் அல்ல, மற்ற நிர்வாகங்களும் உண்டு.) வகுத்துப் பாருங்கள், பள்ளிக்கு 56 பேர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போன நாளில் மிச்சம் ஒரு டீச்சர். அவர் கைபேசியில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் பதிவேற்றிக்கொண்டிருப்பார். ஐந்தாம் வகுப்புப் பெண், ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள், சம்பளம் இல்லாமல்.

அந்த இரண்டு ஆசிரியர் கணக்கைக் கேட்கவும் கோயில் பள்ளியில் சட்டம் துணைக்கு வராது. சிறுபான்மைப் பள்ளிகளை, உதவி பெறுபவை உட்பட, அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014 மே 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பர் 1-ல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு சந்தேகப்பட்டு, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது. அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு தருவது பள்ளியை நிர்வகிக்கும் உரிமை. அதற்கு வக்கீல் உண்டு, மாநாடு உண்டு, கண்டனத் தீர்மானம் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று எந்த ஆயர் இல்லம் தீர்மானம் போட்டது? சம்பளம் அரசாங்கத்துடையது, நியமனம் தாளாளருடையது, தேர்ச்சி ஆல் பாஸ், பழி பிள்ளையின் தலையெழுத்து. இவ்வளவு ஒழுங்கான பங்கீடு பாகப்பிரிவினையில்கூட நடக்காது.

ஜூபிலி விழா மேடையில் கேளுங்கள்: தரங்கம்பாடியில் 1715-லேயே சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார் என்று ஃபாதர் பெருமையோடு முழங்குவார். உண்மைதான். பாமரனும் தானே படிக்கட்டும் என்றுதானே அச்சடித்தார்? மேடைக்குக் கீழே நிற்கும் பிள்ளை இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதையே அச்சில் காட்டி விரல் வைத்தால் விழிக்கும். அந்தப் பிள்ளை மட்டுமல்ல. கொரோனாவுக்குப் பின் 2022-ல் ஏசர் கல்வி ஆய்வு தமிழகக் கிராமங்களில் பார்த்தபோது, மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாம் சேர்த்துத்தான்.

அதே திருச்சபை நகரத்தில் நடத்தும் இங்கிலீஷ் மீடியத்தில் இந்த நோய் கிடையாது. அங்கே விண்ணப்பத்துக்கே வரிசை நிற்கிறது, பாடத்துக்கு ஒரு டீச்சர். ஏழைக்கு நற்செய்தி, பணக்காரனுக்குப் பாடம்.

சிப்காட் கம்பெனிகளும் சும்மா இல்லை. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளை லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது; சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், பள்ளியின் பெயரைவிடப் பெரிதாகத் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். அதே பிள்ளை பதினெட்டு வயதில் கம்பெனி கேட்டுக்கு வந்தால், டிப்ளமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கான்ட்ராக்டரிடம் அனுப்பி லோடு ஏற்றச் சொல்கிறார்கள். சுவர் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தானே உள்ளே வேலை.

பங்குப் பேரவைப் பெரியவர்களே, அடுத்த கூட்டத்தில் கொடியேற்றச் செலவுக் கணக்கு முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எந்தப் பிள்ளையையாவது தாளாளர் முன்னால் நிறுத்தி, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியாவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவரைக் கேளுங்கள்.