ஒருமுறை கழன்ற சக்கரம்

அன்று என் காரின் முன்சக்கரங்கள் ஒரே ஒருமுறைதான் கழன்றன. பில்லில் நான்கு முறை கழன்றிருந்தன.

பிரேக் கிளீன் செய்ய ஒருமுறை, 780 ரூபாய். பிரேக் பேட் மாற்ற ஒருமுறை, 620. சக்கரங்களை முன்பின்னாக இடம் மாற்ற ஒருமுறை, 250. பேலன்சிங்குக்கு ஒருமுறை, 600. பில்லை நம்புவதென்றால், அந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, வேலையை முடித்து, மாட்டி, நட்டு முடுக்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "அடடா, பிரேக் பேட் பாக்கி இருக்கே" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் கழற்றியிருக்க வேண்டும். அதையே நான்கு முறை செய்திருக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒன்பது மத்திய அரசுக்கு, ஒன்பது மாநில அரசுக்கு. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள், கழலாத சக்கரத்துக்கு வரி வாங்குவதில் ஒற்றுமையாக இருப்பதைப் பார்க்கக் கண்கள் பனிக்கின்றன.

சென்னையைவிட்டு வெளியே போகும் நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது அந்த சர்வீஸ் சென்டர். எட்டு வருடமான என் சின்னக் காரை அங்கே காலையில் விட்டேன். விமான நிலையம் மாதிரி கண்ணாடி, கோயில் மாதிரி குளிர்ச்சி, கல்யாண வீடு மாதிரி வரவேற்பு. காபி இலவசம். எங்கெல்லாம் இலவசம் என்று எழுதியிருக்கிறதோ, அங்கே பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். நான் காபியைப் பிடித்துக்கொண்டேன்.

சர்வீஸ் அட்வைசர் மிகவும் நல்ல பிள்ளை. டேப்லெட்டில் ஜாப் கார்டு போட்டு, விரலால் கையெழுத்து வாங்கி, "சிக்ஸ் தவுசண்டுக்குள்ள முடிச்சிடலாம் சார்" என்றார். பதினோரு மணிக்கு போன் வந்தது. டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வந்து பேசும் அதே குரல். "சார், த்ராட்டில் பாடி ரொம்ப அழுக்கா இருக்கு. உடனே செஞ்சிடலாமா?" அந்த உறுப்பு என் காரில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அழுக்கு என்று ஒருவர் சொல்லும்போது வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு மனம் வரும்? சரி என்றேன். அரை மணி கழித்து ஏசி ஏவாப்பரேட்டரில் பூஞ்சை. இன்னும் சற்று நேரத்தில் இன்டீரியர். மத்தியானத்துக்குள் என் கார் ஐசியூவில் இருந்தது.

காத்திருக்கும் அறைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே பெரிய கண்ணாடி. "பாதுகாப்பு கருதி வாடிக்கையாளர்கள் உள்ளே வரக் கூடாது" என்று எழுதியிருந்தது. யாருடைய பாதுகாப்பு என்று எழுதவில்லை. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். இருபது வயது தாண்டாத ஒரு பையன், எண்ணெய்க்கறை படிந்த சட்டை. டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸை அமுக்கி இறக்கினான், பழைய ஏசி ஃபில்டரை உருவினான், புதியதைச் செருகினான், மூடினான். என் கையில் இருந்த காபி இன்னும் சூடு ஆறவில்லை. நான்கு நிமிடம். பில்லில் அதற்கு லேபர் 380 ரூபாய்.

இங்கே சின்ன வயதில் படித்த கணக்கு உதவிக்கு வந்தது. நான்கு நிமிடத்துக்கு 380 என்றால் மணிக்கு 5,700. எட்டு மணி நேர வேலைக்கு 45,600. மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அந்தப் பையனை நான் மரியாதை இல்லாமல் பையன் என்று சொல்லிவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. ஐஐடியில் சீட் கிடைக்கவில்லை என்று அழும் பிள்ளைகளின் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். ஸ்பேனரைக் கையில் கொடுங்கள்.

பில் வந்தது. லேபர் மட்டும் 8,480. வரியோடு 10,006 ரூபாய் 40 காசு. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் தனி. நாற்பது காசைப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்தது. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறவர்கள் தப்பு செய்வார்களா?

"ஒருமுறை கழற்றின சக்கரத்துக்கு நாலு முறை எப்படி சார்?" என்று கேட்டேன். அட்வைசர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வரும்." காசாளரைக் கேட்டேன். சிஸ்டம். ஃப்ளோர் மேனேஜரைக் கேட்டேன். சிஸ்டம். தூணிலும் இருப்பார் துரும்பிலும் இருப்பார் என்று நம் ஊரில் ஒருவரைச் சொல்வார்கள். அவராவது பிரகலாதன் கூப்பிட்டபோது வெளியே வந்தார்.

அந்த சிஸ்டத்தின் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் ஆகும் என்று கார் கம்பெனி ஓர் அட்டவணை வைத்திருக்கும். அந்த நேரத்தை மணிக்கு இவ்வளவு என்ற ரேட்டால் பெருக்குவார்கள். உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பது கணக்கிலேயே வராது. இதில் ஒரு நியாயமும் உண்டு. துருப்பிடித்த போல்ட்டோடு மெக்கானிக் அரை நாள் மல்லுக்கட்டினாலும் நாம் அட்டவணை நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் பிரேக் கிளீனிங்கின் நேரத்துக்குள்ளேயே சக்கரம் கழற்றி மாட்டும் நேரமும் இருக்கிறது. பேட் மாற்றும் நேரத்துக்குள்ளும் இருக்கிறது. பேலன்சிங்குக்குள்ளும் இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில், ஒரே லிஃப்ட்டில், ஒரே மூச்சில் நடந்தால் பொதுவான நேரத்தைக் கழிக்க வேண்டும். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய சிஸ்டத்துக்குக் கூட்டல் தெரிகிறது, பெருக்கல் தெரிகிறது. கழித்தல் பாடம் நடந்த அன்று மட்டும் அது பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

கடைசியில் சர்வீஸ் மேனேஜர் வந்தார். டை கட்டியிருந்தார். நான் ஒரு யோசனை சொன்னேன். "லேபர் 8,480-னு போட்டிருக்கீங்க. எனக்குச் சம்மதம். அந்த லேபரைக் கூப்பிடுங்க. அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரே, அவர்தான். அவர் கையிலேயே முழுசா எண்ணிக் கொடுத்துடறேன்."

அறை அமைதியானது. காபி மெஷின்கூடச் சத்தத்தை நிறுத்திக்கொண்டது. மேனேஜர் ரொம்பப் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"சார், லேபர் சார்ஜ்னா அது லேபருக்கான சார்ஜ் இல்ல சார்."

நாற்பது வருடமாகத் தமிழும் ஆங்கிலமும் படித்து வருகிறேன். இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

இடத்துக்கு வாடகை, லிஃப்ட், ஸ்கேனர், ஏசி, கம்பெனி கேட்கும் கண்ணாடி அலங்காரம், டீலரின் லாபம் எல்லாம் அதில் இருக்கிறதாம். புதுக் கார் விற்பதில் கையில் நிற்பது கொஞ்சம்தான், சர்வீஸில்தான் அடுப்பு எரிகிறது என்றார். நம்புகிறேன். அப்படியானால் அதை பில்லில் போடுங்கள். கண்ணாடிக்கு இவ்வளவு, குளிருக்கு இவ்வளவு, டைக்கு இவ்வளவு, இலவசக் காபிக்கு இவ்வளவு. உழைப்பவன் பெயரை ஏன் போடுகிறீர்கள்? அவன் பெயரைச் சொல்லி மணிக்கு 5,700 வாங்குகிறீர்கள். அவன் வயதுத் தொழில் பழகுநர்களுக்கு மாதத்துக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை, படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் என்றுதான் 2019-ல் திருத்திய விதி சொன்னது. நீங்கள் அவன் பேரில் இரண்டு மணி நேரத்தில் வசூலிப்பது, அந்த விதி ஒரு மாதத்துக்குச் சொன்ன மிக உயர்ந்த தொகையையே தாண்டுகிறது. செத்தவன் பெயரில் ரேஷன் வாங்குகிறவனைப் பிடித்து உள்ளே போடுகிறோம். உயிரோடு இருப்பவன் பெயரில் கூலி வாங்குகிறவனுக்குச் சிறந்த டீலர் விருது கொடுத்துச் சுவரில் மாட்டுகிறோம்.

மேனேஜர் பேனாவை எடுத்தார். "உங்களுக்காக ஸ்பெஷலா லேபர்ல ஆயிரம் குறைச்சிடறேன் சார்." சிஸ்டம் என்ற தெய்வம், பேனாவைப் பார்த்ததும் வரம் கொடுத்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் கண்ணாடிக் கூடு, ஓய்வு பெற்ற வாத்தியார் களை. பில்லை வாங்கினார், கடைசி வரியை மட்டும் பார்த்தார், கார்டை நீட்டினார். யாரும் பேனாவை எடுக்கவில்லை. கேட்டவனுக்கு ஆயிரம் குறையும் என்றால் கேட்காதவரிடம் வாங்கிய அந்த ஆயிரத்துக்கு என்ன பெயர்? தமிழில் நல்ல பழைய சொல் ஒன்று இருக்கிறது, வழிப்பறி. நெடுஞ்சாலையோரம் நடப்பதால் இன்னும் பொருத்தம்.

வெளியே எங்காவது பழக்கமான மெக்கானிக்கிடம் விடலாமே என்பீர்கள். அதற்குத்தான் வாரண்டி என்ற பூச்சாண்டி. வாரண்டி முடிந்தபின் சர்வீஸ் ஹிஸ்டரி என்ற பூச்சாண்டி. இந்தப் பூச்சாண்டிகளின் முகமூடியை ஒருமுறை டெல்லியில் கழற்றினார்கள். 2011-ல் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் பூட்டிவைத்தது தப்பு என்றது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் என்ன செய்தன? மேல்முறையீட்டுக்குப் போயின. வக்கீல்களின் கட்டணத்தில் மட்டும் யாரும் டிஸ்கவுண்ட் கேட்டிருக்கமாட்டார்கள். 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. கார்களும் அதில் உண்டு. உரிமை இணையத்தில் பத்திரமாக இருக்கிறது. கார்தான் இன்னும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ல் வந்த சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. 1915-க்கு போன் செய்தும் புகார் சொல்லலாம். இதெல்லாம் அந்த மேனேஜருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான்கு முறை கழன்ற சக்கரத்துக்கு 2,250 ரூபாய். அதற்காக நான் எத்தனை நாள் லீவு போடுவேன் என்பதும் தெரியும். எந்தத் தொகைக்கு மனிதன் வீட்டில் போய்ப் புலம்புவான், எந்தத் தொகைக்குப் படியேறுவான் என்று அளந்து, இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக நிறுத்தியிருக்கிறார்கள். வீல் அலைன்மென்ட்டில்கூட இவ்வளவு துல்லியம் கிடையாது.

நான் ஆயிரத்தை வாங்கவில்லை. வரிவரியாகக் கழித்த கணக்கை எழுத்தில் கொடுங்கள் என்றேன். முழுப் பணத்தையும் கட்டி, ஜாப் கார்டு நகலை வாங்கி, ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று அதிலேயே எழுதினேன். ஒரு லீவு போட முடிவு செய்துவிட்டேன். கழித்தல் தெரியாத சிஸ்டத்துக்கு யாராவது டியூஷன் எடுக்கத்தானே வேண்டும்.

காரை வாசலுக்கு ஓட்டி வந்தது அந்தப் பையன்தான். சாவியைக் கொடுத்தபடி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சார், ஏசி ஃபில்டருக்கெல்லாம் இங்க வராதீங்க. கடையில வாங்கி நீங்களே மாத்திக்கலாம். கிளவ் பாக்ஸ ரெண்டு பக்கமும் இப்படி அமுக்கினா போதும், இறங்கிடும்."

குனிந்து செய்தும் காட்டினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பில்லை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன். அதில் இந்த வேலை இல்லை.