கழட்டி மாட்டுற மாமா

"குடுங் இங்கெ" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அவர் கைக்குப் போயிருக்கும். ஹேங் ஆன போனைக் கண்டால் மாமாவுக்குக் கை நிற்காது. சோமனூரில் பாதி ஆயுசுக்குத் தறி ரிப்பேர் பார்த்தவர். நின்றுபோன எதையும் கழட்டி மாட்டினால் ஓடும் என்பது அவர் கட்சி.

போனைக் குப்புறப் போட்டு விளிம்பில் கட்டைவிரல் நகத்தை விடுவார். நோக்கியா 1100 வந்த 2003-ல் இது சரியான வழிதான். மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, வேட்டியில் துடைத்து, வாயால் ஊதி மாட்டினால் உயிர் வந்துவிடும். இப்போதைய போனுக்கு முதுகைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். நகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பக்கமும் தடவும், மூலையில் நோண்டும், கேமரா வளையத்தைக்கூட விடாது. சிலசமயம் எப்படியோ சிம் தட்டு வெளியே வந்துவிடும். "பாத்தீங்ளா!" அதையும் துடைத்து, ஊதி மாட்டுவார். அவர் பையில் இருப்பதோ இன்னும் பட்டன் போன்.

"மாமா, பவர் பட்டனை அமுக்கிப் புடிங்க, தானா ஆஃபாகி வரும்" என்பேன். சில போனில் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். பத்து நொடியும் ஆகும், முப்பதும் ஆகும். மாமா மூணு எண்ணுவார். "வேலைக்காவாதுங்."

காசு வாங்க மாட்டார். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் டிவிஎஸ் 50-ல் வந்து நிற்பார். அதனாலேயே யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நகம் தோற்றால், கேட்காமல் கொள்ளாமல் மொத்தத்தையும் அழித்துவிடுகிறார். அப்படி அழிப்பதற்கான கறுப்புத் திரையை வரவழைக்க மட்டும் பட்டனைப் பொறுமையாக அமுக்கிப் பிடிக்கிறார். அப்படி அழிந்ததுதான் அத்தையின் போன். அத்தை வீட்டோடு நாலு தறி ஓட்டுகிறது. பாவு கொடுத்தவர் கூலி பேசி அனுப்பிய குரல் பதிவு, துணி மீட்டர் கணக்கைப் போட்டோ எடுத்து வைத்தது, எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன. இனி கூலித் தகராறு வந்தால் எதைக் காட்டும்? "புதுசாட்ட ஆயிருச்சுங்" என்கிறார் மாமா.

அதுவும் ஆகவில்லை. இப்படி அழித்தால், திருட்டுப் போனோ என்று 2015 வாக்கிலிருந்தே ஆண்ட்ராய்டு பழைய ஜிமெயிலைக் கேட்கும்.

"பாஸ்வேர்டு சொல்லுங் அத்தை."

"என்னைக் கேட்டா? நீதான மாப்ள போட்டுக் குடுத்தே!"